தனபாக்கியத்தின் முதுகும் என் கைராசியும்

எங்கள் ஆஸ்பத்திரியில் மசாஜ் அறைக்கு இப்போது பிசியோதெரபி என்று பெயர் மாற்றிப் புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். அந்த வைபவத்துக்கு என்னையும் கூப்பிட்டு, ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டார்கள். இன்று அங்கே வேலை செய்யும் பெண்கள் காலேஜில் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள். அவர்களில் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஞானம்மா ஆன்ட்டி, உங்க சர்வீஸ்ல எத்தனை முதுகு தேய்ச்சிருப்பீங்க?" என்று கேட்டாள். அதையெல்லாம் யார் எண்ணினார்கள்? தேய்த்த முதுகுகள் பெரும்பாலும் மறந்துவிட்டன. தேய்க்கக் கூடாத ஒரு முதுகைத் தேய்த்தேன், அது மறக்கவில்லை என்றேன். விட்டாளா? எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டாள். எழுதுகிறேன். என் பெருமை இதில் அதிகம் இராது.

முதல் யுத்தம் முடிந்து சில வருஷங்கள் கழித்து, பெங்களூர் தண்டில் இருந்த அந்தப் பெண்கள் ஆஸ்பத்திரியில் வார்டு உதவிக்கு நான் சேர்ந்தேன். தண்டு என்றால் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த பகுதி. எங்கள் பக்கத்தில் கன்டோன்மென்டை அப்படித்தான் சொல்வோம். மசாஜ் அறையைக் கவனித்தவர் ஓர் இங்கிலீஷ் சிஸ்டர். பெரிய சிஸ்டர் என்போம். யுத்தத்தில் அடிபட்ட சிப்பாய்களுக்கு மசாஜ் செய்து தேர்ந்தவர். ஒருநாள் வார்டு உதவிக்கு இருந்த எங்கள் ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தி, உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்து, என்னை மட்டும் தனியே நிறுத்தினார். மற்ற நால்வருக்கும் கை வியர்த்தது, எனக்கு வியர்க்கவில்லை. அவ்வளவுதான் என் தகுதி. இரண்டு வருஷம் கற்றுக்கொண்டேன்: தடவுவது, பிசைவது, தட்டுவது, உப்பு மூட்டை ஒத்தடம், எலும்புகளின் பெயர்கள். அதை விவரித்தால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.

சிஸ்டரின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமையற்காரரிடமும் ஆயாவிடமும் கற்ற தமிழ் அது. டாக்டரின் மாமியார் வந்தாலும் "வா, உக்காரு" என்பார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கோபம் வந்தால் மட்டும் அவருக்கு மரியாதை வந்துவிடும். "ஞானசுந்தரி, நீங்க இங்க வாங்க" என்று கூப்பிட்டாரென்றால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். வேலையை நிறுத்தச் சொல்வதற்கு ஒரே வார்த்தைதான், போதும் என்பதற்குப் பட்டாளத்து இந்துஸ்தானியில் "பஸ்."

நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் அவர் ஒரு சடங்கு மாதிரிச் சிலவற்றைச் செய்வார். வாசலிலிருந்து மேசை வரை நடக்கவிடுவார். குனி, நிமிர், பக்கவாட்டில் சாய், கையைத் தூக்கு என்பார். வலியைக் கையால் காட்டு என்பார். ஒரு விரலால் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டினால் முகத்தில் நிம்மதி தெரியும். உள்ளங்கையை விரித்து இங்கேயிருந்து அங்கே என்று தடவிக் காட்டினால் புருவம் ஏறும். "நம்ம வலி ஆட்டினா மாறும். ஆட்டியும் மாறாத வலி நம்ம வலி இல்லே, ஞானா." இதை அவர் எத்தனை தடவை சொன்னாரோ, நான் அத்தனை தடவையும் தலையாட்டியிருக்கிறேன். தலையாட்டுவதற்கென்ன, அதற்கு மூளை வேண்டியதில்லை.

ஒருமுறை ஒரு சட்டைக்கார அம்மாள், அதாவது ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி, வலது தோள் வலி என்று சீட்டோடு வந்தாள். சிஸ்டர் அந்தக் கையை மேலே, பின்னால், சுற்றி என்று எல்லாப் பக்கமும் கொண்டுபோனார். தோள் சுகமாகப் போய் வந்தது. வலி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. எப்போது வலிக்கும் என்று கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை பன்றிக்கறி சாப்பிட்ட பிறகு என்றாள். சிஸ்டர் எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவிட்டு, சீட்டைத் திருப்பி டாக்டருக்கே அனுப்பிவிட்டார். பித்தப்பையில் கல் இருந்ததாம். நான் பிரமித்துப் போனேன். பிரமித்தேனே ஒழிய, கற்றுக்கொள்ளவில்லை.

அப்புறம் ஒரு வருஷம், ஆடி மாதக் கடைசியில், சிஸ்டர் இரண்டு மாத லீவில் நீலகிரிக்குப் போனார். அறை என் பொறுப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் என் தங்கையிடம்கூட அதிகாரமாகப் பேசினேன் என்று அவள் பின்னால் சொல்லிக் காட்டினாள்.

ஆவணியில் தனபாக்கியம் வந்தாள். அல்சூர்ப் பக்கத்தில் புருஷனும் மாமியாருமாக இஸ்திரி போடும் குடும்பம். முப்பது வயதிருக்கும். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைக் காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை தள்ளுகிறவள். அவளுக்கு முதுகு வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும்? டாக்டர் சீட்டிலும் முதுகுத் தசைப்பிடிப்பு, ஒத்தடம், மசாஜ் என்றுதான் எழுதியிருந்தது.

"எங்கே வலிக்குது?" என்றேன்.

அவள் புறங்கையை முதுகின் நடுவில் வைத்தாள். பிறகு முன்பக்கம் கொண்டுவந்து, விலா கூடுகிற இடத்துக்குக் கீழே வைத்தாள். "இங்க பூந்து இங்க வருதும்மா. வாயு."

வாயு என்ற சொல் இருக்கிறதே, எங்கள் ஊரில் அது எல்லா வலிக்கும் பொதுச் சத்திரம். முதுகு பிடித்தாலும் வாயு, வயிறு உப்பினாலும் வாயு, மார் அடைத்தாலும் வாயு. அவள் வயிற்றில் கை வைத்துச் சொன்ன வாயுவை நான் முதுகு வாயுவாகக் கேட்டுக்கொண்டேன். வெளிக்குச் சரியாகப் போகிறதா என்று, கேட்க வேண்டுமே என்பதற்காகக் கேட்டேன். "அதெல்லாம் சரியாத்தான் போகுது" என்றாள். குனியச் சொன்னேன், நன்றாகவே குனிந்தாள். நன்றாகக் குனிகிறாளே என்று நான் யோசித்திருக்க வேண்டும். இஸ்திரிக்காரிக்குக் குனிந்து பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கள், புதன், சனி மூன்று நாளும் பத்து மணிக்கு வருவாள். வரும்போதே முகம் சுருங்கியிருக்கும். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த தூக்கைத் திறந்து, ராகி கஞ்சியை நிதானமாகக் குடிப்பாள். வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து படுப்பாள். நான் உப்பு மூட்டையை வைத்து, எண்ணெய் தொட்டு முதுகில் கை வைத்துப் பத்து நிமிஷம் ஆகாது, முகம் தெளிந்துவிடும்.

"வலி போச்சா பாக்கியம்?"

"போச்சும்மா. உங்க கை பட்டா போயிடுது."

"நெசமாவா?"

"நெசமாத்தாம்மா. நானும் தேய்க்கிறவ, நீங்களும் தேய்க்கிறவங்க. உங்க கைல சூடு இல்லாமயே சுருக்கம் போகுது." இஸ்திரி போடுவதையும் தேய்ப்பது என்றுதானே சொல்கிறோம், அதை வைத்துக் கேலி செய்வாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மற்ற நோயாளிகள் என்னைக் கைராசிக்காரம்மா என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருத்தி தன் நாத்தனாரை ஜாலஹள்ளியிலிருந்து வண்டி கட்டி அழைத்து வந்தாள். பெரிய சிஸ்டருக்கே இந்தக் கைராசி கிடையாது என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, மனதுக்குள் சொன்னேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். விழுந்த பழத்துக்குக் காக்கை மாலை மரியாதை எதிர்பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தேன்.

புரட்டாசி பிறந்தது. முதல் சனிக்கிழமை தனபாக்கியம் நெற்றியில் நாமத்தோடு வந்தாள். வாசல் பெஞ்சில் உட்காரவில்லை, நேரே உள்ளே வந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. அன்றைக்கு நான் என்ன செய்தும் வலி போகவில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது ஆயிற்று.

"நேத்து வேலை ஜாஸ்தியா?" என்றேன்.

"ஆமாம்மா. நாளைக்கு துரைமாருங்க சர்ச்சுக்குப் போகணுமில்ல, வெள்ளிக்கிழமை பூரா பெட்டிதான்."

பார்த்தீர்களா, காரணம் கையோடு கிடைத்துவிட்டது. தண்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டாளமும் மேம்சாகிப்களும் மடிப்புக் கலையாத துணியில் சர்ச்சுக்கு வருவதை நானே எங்கள் சர்ச்சிலிருந்து பார்க்கிறவள். அதனால் சனிக்கிழமை வலி கூடுகிறது. இதில் என்ன சந்தேகம்? இன்னும் அழுத்தித் தேய்த்தேன். திங்கட்கிழமை வந்தாள், கஞ்சி குடித்தாள், படுத்தாள், வலி போயிற்று. என் கணிப்பு சரி என்று ஆகிவிட்டது. இரண்டாவது சனிக்கிழமையும் அதே கதை. ஆவணியிலும் சனிக்கிழமை வந்ததே, துரைமார் அப்போதும் சர்ச்சுக்குப் போனார்களே, அப்போது ஏன் வலி போயிற்று? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா இல்லை.

மூன்றாவது சனிக்கிழமைக்கு முதல் நாள் சிஸ்டர் லீவு முடிந்து திரும்பிவிட்டார். சனிக்கிழமை காலையில் அவர் என் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது. தனபாக்கியம் குப்புறப் படுக்க முடியாமல் முழங்காலை மடக்கி மடக்கி நீட்டினாள். நான் முழங்கையை ஊன்றி அழுத்த ஆரம்பித்தேன்.

"பஸ்."

கையை எடுத்தேன். சிஸ்டர் அவளை எழுப்பி உட்கார வைத்தார். குனிய, திரும்ப, சாய, இரண்டு கையையும் தூக்க வைத்தார். ஒவ்வொன்றுக்கும், "கூடுதா? கொறையுதா?" என்று கேட்டார்.

"அப்படியேதாம்மா இருக்கு."

கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். ரத்தம் தெரிய வேண்டிய இடம் சோற்றுக் கஞ்சி நிறத்தில் இருந்தது. ஒன்றரை மாதமாக நான் அந்த முதுகைத்தான் பார்த்திருந்தேன், அந்தக் கண்ணைப் பார்த்ததில்லை. மார்பில் தொங்கிய கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்து நாடி பார்த்தார், அது வேகமாக ஓடியது. மல்லாக்கப் படுக்க வைத்து, கையைச் சூடாக்கிக்கொண்டு, வயிற்றை மெதுவாகத் தொட்டார். வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தால் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடக் கூடாது என்பது அவர் விதி. இறுக்கம் இல்லை.

"இன்னிக்கு என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணும் இல்லம்மா. பெருமாள் விரதம்."

"திங்கக்கெழமை?"

"திங்கக்கெழமை கஞ்சி குடிச்சுட்டுத்தானே வந்து படுப்பேன்."

சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. ஆயாவைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் பால் கொண்டுவரச் சொன்னார். பால் வந்தது. தனபாக்கியம் வாயை மூடிக்கொண்டாள். உச்சிப்பொழுதில் பெருமாளுக்குத் தளிகை படைத்து கோவிந்தா சொன்ன பிறகுதான் வாயில் எதையும் வைப்பார்களாம் அவர்கள் வீட்டில். சிஸ்டர், "குடி, குடி" என்றார். அவருடைய தமிழ் அங்கே செல்லவில்லை.

நான் சொன்னேன், "பால் விரதத்துக்கு ஆகும்தானே பாக்கியம்?"

"எங்க வீட்டுல ஆகாதும்மா. மாமியார் ஒத்துக்க மாட்டாங்க."

"மருந்து ஆகுமில்ல? இது மருந்து. ஆஸ்பத்திரில கொடுக்கறது எல்லாம் மருந்துதான். கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

டம்ளரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கோவிந்தா" என்று முணுமுணுத்துவிட்டுக் குடித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் இன்றைக்கும் நிமிஷம் நிமிஷமாகச் சொல்ல முடியும். சிஸ்டர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். யாரும் அவளைத் தொடவில்லை. உப்பு மூட்டை ஆறிப்போய்க் கிடந்தது. என் இரண்டு கையும் எண்ணெய்ப் பிசுக்கோடு சும்மா தொங்கின. தனபாக்கியம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் தோள் இறங்கியது. அப்புறம் நெற்றி விரிந்தது. நான் அத்தனை நாள் என்னுடையது என்று நினைத்திருந்த அந்தத் தெளிவு, நான் தொடாமலேயே அந்த முகத்தில் வந்து உட்கார்ந்தது. எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

"நெறம் கேளு, ஞானா," என்றார் சிஸ்டர்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கூச்சமாக இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர் காத்திருந்தார்கள். குனிந்து காதோடு கேட்டேன், வெளிக்கு என்ன நிறமாகப் போகிறது என்று.

"கருப்பாத்தாம்மா. தார் மாதிரி." அதிலென்ன அதிசயம் என்கிற மாதிரிச் சொன்னாள். "கரிலயே வேலை செய்றவளுக்கு வேற எப்படிம்மா போகும்? துப்புனா கருப்பு, மூக்கச் சிந்துனா கருப்பு. பல்லு வெளக்கறதும் அந்தக் கரிதான்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவள் விரல் நகத்தில் கூட எந்நேரமும் கரி இருக்கும். சிஸ்டரிடம் அப்படியே சொல்லிவிட்டு ஒதுங்கியிருப்பேன். ஆனால் அந்த வருஷத்திலேயே முதன்முறையாக ஒரு காரியம் செய்தேன்: கிடைத்த காரணத்தை நம்பாமல் இன்னொரு கேள்வி கேட்டேன்.

"எத்தனை வருஷமா பெட்டி போடறே?"

"கல்யாணம் ஆனதுலேருந்து. பன்னண்டு வருஷம்."

"பன்னண்டு வருஷமாவும் கருப்பாத்தான் போகுதா?"

யோசித்தாள். "இல்லம்மா," என்றாள் மெதுவாக. "புரட்டாசி பொறந்ததுலேருந்துதான்."

சிஸ்டர் எழுந்தார். "ஞானசுந்தரி, நீங்க டாக்டர்கிட்ட போங்க. நீங்க சொல்லுங்க."

என்னையே அனுப்பினார். அது தண்டனையா, அந்த இரண்டாவது கேள்விக்குக் கூலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டாக்டரைச் சுற்றி ஒரே கூட்டம். முதுகுப்பிடிப்பு என்று எழுதியவரே அவர்தான். முதுகு இல்லை சார், வயிறு என்றேன். "மசாஜ் போடறவங்க எப்போ வயித்துக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பிச்சீங்க?" என்றார். கூட்டம் சிரித்தது. நின்ற இடத்தில் நின்று சொன்னேன்: முதுகை எப்படித் திருப்பினாலும் வலி மாறவில்லை, பால் குடித்தால் போகிறது, விரதம் இருந்தால் வருகிறது, இமை வெளுத்திருக்கிறது, நாடி வேகமாக ஓடுகிறது, இரண்டு வாரத்துக்கு மேலாகக் கருப்பாகப் போகிறது. கடைசியைச் சொல்லும்போது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு முன்னால் அவர்தான் எங்கள் அறைக்கு நடந்தார்.

இரைப்பைக்கு அடுத்த குடலில் புண். அது பின்பக்கமாக முதுகை நோக்கி அரித்துக்கொண்டே போய், ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கசிந்த ரத்தம்தான் தாராகப் போயிருக்கிறது. வார்டுக்கு மாற்ற அவளைத் தூக்கியபோதே மயங்கிவிட்டாள். பிழைப்பாள் என்று மூன்று நாள் வரை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. படுத்த படுக்கை, மணிக்கு ஒருதரம் பால், தலையை அசைக்கக் கூடாது. வராந்தாவில் அவள் புருஷன் வந்து நின்றான். கையைக் கட்டிக்கொண்டு என்னிடம் கேட்டான், "வெரதத்துல பால் குடிச்சுட்டாளாமே, அதான் பெருமாள் சோதிக்கறாரா, தாயீ?"

இல்லப்பா, பால்தான் காப்பாத்துது என்றேன். காட்டிக்கொடுத்தது பால், கவனிக்காமல் விட்டது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த மூன்று நாளும் மேசையில் வேறு முதுகுகளைத் தேய்த்தேன். ஒவ்வொன்றிலும் கை வைக்கப் பயந்தேன். அவள் செத்துப்போனால் இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே நினைப்பாக இருந்தது.

நான்காம் நாள் நாடி நிதானப்பட்டது. ஐந்தாவது வாரம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். அன்று வேலை முடிந்ததும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கைராசிக்காரம்மா. உங்களாலதான் பொழைச்சேன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. கையை இழுத்துக்கொண்டேன். "கேளு பாக்கியம். என் கைல ஒண்ணும் இல்ல. உன் வலி போனது கஞ்சியால. நான் தொட்டதால இல்ல."

அவள் ஆச்சரியப்படவே இல்லை. "அது எனக்குத் தெரியுமேம்மா," என்றாள்.

"தெரியுமா?"

"வீட்டுலயும் கஞ்சி குடிச்சா கொஞ்சம் அடங்கும். ஆனா அங்க நின்னுகிட்டே குடிக்கணும், குடிச்ச கையோட பெட்டியத் தூக்கணும். இங்க வந்தா உக்காந்து குடிக்கலாம், அரைமணி படுத்துக் கெடக்கலாம். அதுக்காகவே ஓடி வருவேன்."

"அப்போ ஏன்டி சொல்லல? தினம் கேட்டேனே, வலி போச்சா, போச்சான்னு?"

"நீங்க மொதுகத்தானே கேட்டீங்க," என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அதுவும் எவ்ளோ ஆசையா கேப்பீங்க. கஞ்சியாலன்னு சொன்னா உங்க மொகம் வாடிப்போயிடுமேம்மா."

உள்ளுக்குள் ரத்தம் போய்க்கொண்டிருந்தவள் அவள். முகம் வாடிவிடக் கூடாதே என்று அவள் பார்த்தது என்னை. அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு, வார்டுக் கோடியில் கை கழுவும் தொட்டிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்று அழுதேன்.